தாளதிகாரம்

பாயிரம்

தமிழில் எந்த நூலும் பாயிரம் இல்லாமல் தொடங்கக் கூடாது என்பது மரபு. ஆகவே முறைப்படி சொல்லிவிடுவோம். நூற்பெயர்: தாளதிகாரம். நுதலிய பொருள்: ஒரு நாட்டின் பொருள் வளர்ச்சியில் அரசு அலுவலகம் என்னும் உயிரினம் ஆற்றும் தொழில். எல்லை: பாராபுல்லா மேம்பாலம், பாராபுல்லா நாலா என்னும் கழிவுநீர் வாய்க்கால், நிஜாமுதீன் ரயில் தண்டவாளம், ஜங்புரா ஆகியவற்றுக்கு நடுவே தில்லி மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதி இருந்த துண்டு நிலம். கேட்போர்: ஏதாவது ஒரு கவுன்ட்டரில் 'லஞ்ச் முடிஞ்சு வாங்க' என்ற வாக்கியத்தைக் கேட்டவர் அனைவரும். பயன்: பரிசீலனையில் உள்ளது.

வழியும் சொல்ல வேண்டும். நூல்கள் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகை. அலுவலகத்தைப் பற்றிய முதல்நூல் மாக்ஸ் வேபர் என்ற ஜெர்மானியருடையது. அவர் இறந்த பிறகு 1922இல் வெளிவந்தது. ஆளைப் பாராமல் விதியைப் பார்க்கும் அலுவலகமே சிறந்த இயந்திரம் என்றார். வழிநூல் பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1955இல் எழுதிய சிறு கட்டுரை. 1914க்கும் 1928க்கும் இடையில் பிரிட்டனின் பெரும் போர்க்கப்பல்கள் 62இலிருந்து 20 ஆகக் குறைந்தன, அதே காலத்தில் கடற்படைத் தலைமையக அலுவலர்கள் 2,000இலிருந்து 3,569 ஆகப் பெருகினர் என்று எண்ணிக் காட்டினார். அந்த இயந்திரம் தன்னையே உற்பத்தி செய்துகொள்ளும் என்பது அவர் கண்டுபிடிப்பு. இவ்விருவரையும் சார்ந்தும் சாராமலும் எழுந்த சார்புநூல் இது.

இனித் தாள். இது பலபொருள் குறித்த ஒரு சொல். முயற்சி, கால், காகிதம், தாழ்ப்பாள் என்ற நான்கு பொருளை இந்நூல் கொள்ளும். நெற்பயிரின் தாள் வேளாண் துறைக்கு உரியது, விலக்கப்பட்டது. பள்ளிக்கூடத் தாளாளர் இவற்றுள் எந்தத் தாளை ஆள்கிறார் என்பது தனி ஆராய்ச்சி.

உதாரணம் வேண்டியபோதெல்லாம் இலக்கண ஆசிரியர்கள் சாத்தன், சாத்தி, கொற்றன், கொற்றி என்று நாலு பேரைக் கூப்பிடுவார்கள். அவர்கள் யாருமில்லை, யாராகவும் இருக்கலாம். இந்நூலுக்குச் சாத்தியும் கொற்றியும் போதும். நாலாக்கரையில் இருவருக்கும் அடுத்தடுத்த ஜுக்கிக் குடிசை, நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். இருவருக்கும் கோட்டி வேலை. கோட்டி என்றால் தில்லியில் பங்களா வீடு. திருநெல்வேலிக்காரர்கள் வேறுவிதமாக எண்ண வேண்டாம்.

முதல் இயல்: முயற்சி

சூத்திரம்: முயற்சித் தாளுக்கு முத்திரை வேண்டாம்.

உரை: மதராசி கேம்ப்பை எந்த வாரியமும் கட்டவில்லை, எந்தத் தொழில் துறையும் முதலீட்டாளர் மாநாடு கூட்டி அழைக்கவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாக விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்தெல்லாம் வந்தவர்கள், நகரத்தில் யாரும் விலை பேசாத ஓர் இடத்தைத் தேடினார்கள். நாற்றமடிக்கும் நாலாவின் கரை கிடைத்தது. ஆனால் அது வேலைக்குப் பக்கம். நில மதிப்பு தெரியாதவர்களா அவர்கள்? இரண்டாம் இயலில் சொல்லப்போகும் பொருளியலைப் படிக்காமலே அறிந்தவர்கள்.

சாத்தியின் வேலை நாட்டு வருமானத்தில் எப்படி ஏறுகிறது? பிகு என்ற ஆங்கிலப் பொருளியலாளர் 1920இல் ஒரு விந்தையைச் சுட்டினார். வீட்டு வேலைக்காரியை எசமான் கல்யாணம் செய்துகொண்டால் நாட்டின் வருமானம் குறையும். வேலை அதேதான், சம்பளம் மட்டும் நின்றுபோகும். சாத்தி இவ்விதிக்கு மறுதலை. அவள் காலையில் வந்து பாத்திரத்தில் கைவைத்தால்தான் கோட்டி அம்மா ஒன்பது மணிக்கு மெட்ரோ பிடிக்க முடியும். அம்மாவின் சம்பளம் கணக்கில் ஒரு வரி. சாத்தியின் சம்பளம் இன்னொரு வரி. ஒரே அடுப்படியிலிருந்து இரண்டு வரி. பொருளாதார ஆய்வறிக்கையில் முதல் வரிக்கு 'சேவைத் துறை' என்று பெயர். இரண்டாவதற்கு 'அமைப்புசாரா' என்று பெயர். 'சாரா' என்பது எதிர்மறைப் பெயரெச்சம். யார் யாரைச் சாரவில்லை என்பதை அது சொல்லாது.

இரண்டாம் இயல்: கால்

சூத்திரம்: வீட்டுக்கும் வேலைக்கும் இடையே எத்தனை தப்படி, அதுவே வளர்ச்சி.

உரை: சாத்திக்கு ஜங்புராவில் இரண்டு வீடு, போகலில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஆறரைக்கு முதல் வீடு. நடுவில் ஓடிவந்து பிள்ளைக்குத் தலைசீவி அனுப்புவாள். லோதி எஸ்டேட்டில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி, எட்டும் தூரத்தில். பிறகு இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு. மத்தியானம் சோறு, ஒரு சின்ன உறக்கம். நாலு மணிக்குச் சாயங்காலப் பாத்திரம். வீட்டு வேலை என்பது இப்படிக் காலையிலும் மாலையிலும் இரண்டாகப் பிளந்து கிடக்கும் தொழில். பிளவின் நடுவே வீடு இருந்தால்தான் அது நடக்கும். பயணச் செலவு: செருப்புத் தேய்மானம்.

இப்போது வீட்டைத் தூக்கி, மதராசி கேம்ப்காரர்களுக்கு மாற்று வீடு ஒதுக்கிய நரேலாவில் வையுங்கள். தில்லியின் வடகோடி, சுமார் 40 கிலோமீட்டர். 2019 அக்டோபர் 29 முதல் தில்லி அரசுப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம். இளஞ்சிவப்புச் சீட்டு கொடுத்தார்கள். ஆகவே செலவு இல்லை என்று கோப்பில் எழுதலாம். ஆனால் போக்குவரத்து நெரிந்தால் ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம் போகும், அதற்குச் சீட்டு எந்த நிறத்திலும் கிடையாது. காலையில் வந்து, மத்தியானம் வீடு போய், மாலையில் திரும்ப முடியாது. மூன்று வீடு ஒன்றாகும். சாயங்காலப் பாத்திரம் வேறொருத்தி கைக்குப் போகும்.

நரேலாப் பக்கம் தொழிற்பேட்டைகள் உண்டே என்பார் உண்டு. உண்டுதான். ஆனால் போகல் வீட்டம்மா ஊருக்குப் போகும்போது சாவியைச் சாத்தியிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். அந்தச் சாவி இருபது வருஷத்து முதலீடு. எந்த வங்கியிலும் போட முடியாது, நரேலாவுக்கு மாற்றலும் கேட்க முடியாது.

அலுவலகம் நினைத்தால் இந்தத் தப்படியைக் காக்க முடியாதா? முடிந்திருக்கிறது. சிங்கப்பூரில் 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ ஸ்வீ குடியிருப்பில் தீப்பிடித்துச் சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். அப்போது வீடமைப்பு வாரியத்துக்கு வயது ஒன்றரைகூட ஆகவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் அதே வட்டாரத்திலேயே மாடிகளை எழுப்பியது. பிறகு கட்டிய பேட்டைகளில் வீட்டுத் தொகுதிகளுக்குப் பக்கத்திலேயே அடுக்குத் தொழிற்கூடங்களையும் வைத்தது. அவ்வளவு தூரம் ஏன்? தில்லி வளர்ச்சி ஆணையமே கல்காஜியில் பூமிஹீன் கேம்ப் மக்களுக்காக அருகிலேயே 3,024 வீடுகள் கட்டியது. 2022 நவம்பர் 2 அன்று பிரதமர் திறந்துவைத்தார். ஒரே ஊர், ஒரே ஆணையம். கல்காஜிக் கோப்பு நடந்து போனது. ஜங்புராக் கோப்பு நரேலாவுக்குப் பஸ் ஏறிவிட்டது.

தில்லியை மட்டும் குறை சொன்னால் இந்நூலுக்கு ஓரவஞ்சனைக் குற்றம் வரும். 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய சென்னை, முதலில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி கட்டியது. பிறகு 2000ஆம் ஆண்டையொட்டிக் கண்ணகி நகரும், அதன்பின் பெரும்பாக்கமும் வந்தன. பிழைப்பு ஊருக்குள், படுக்கை ஊருக்கு வெளியே. நரேலாவின் அக்காமார் நம்மூரில்தான் இருக்கிறார்கள்.

மூன்றாம் இயல்: காகிதம்

சூத்திரம்: காகிதத் தாள் நால்வகைத்து: ஆக்கத்தாள், தடைத்தாள், வகைத்தாள், ஒட்டுத்தாள்.

உரை: ஆக்கத்தாளாவது, இல்லாத ஒன்றை உண்டாக்குவது. ரேஷன் கார்டு அரிசியை உண்டாக்கும். மின்சார பில் முகவரியை உண்டாக்கும். பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழ், பாத்திரம் தேய்த்தவளின் மகனை டிப்ளமோக்காரனாக உண்டாக்கும். அலுவலகம் வளர்ச்சிக்குச் செய்யும் பெருந்தொண்டு இதுவே. மறுப்பவர் நன்றி கெட்டவர். தில்லியின் குடிசைப் பகுதிகளில் 1990இல் கணக்கெடுத்து உலோக வில்லை கொடுத்தார்கள். அன்றைய பிரதமரின் பெயரால் அதை 'வி.பி. சிங் டோக்கன்' என்று இன்றும் சொல்வார்கள். கல்வெட்டுக்கும் செப்பேட்டுக்கும் பிறகு அரசு உலோகத்தில் கொடுத்த வாக்கு அது.

தடைத்தாளாவது, செய்ய முற்படுகிறவனை நிற்கவைப்பது. 1951ஆம் ஆண்டுத் தொழில்கள் சட்டத்தின்படி எந்தப் பெரிய ஆலைக்கும் தில்லியின் உரிமம் வேண்டியிருந்தது. இதைத்தான் ராஜாஜி பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று கிண்டல் செய்தார். 1991 ஜூலை 24 அன்று பெரும்பாலான தொழில்களுக்கு அந்த உரிமம் ஒழிந்தது. பெரு நாட்டில் ஹெர்னாண்டோ டி சோட்டோவின் குழு ஒரு சிறிய தையற்கூடத்தைச் சட்டப்படி பதிவுசெய்து பார்த்தது. 289 நாள் ஆயிற்று. இதை அவர் 1986இல் எழுதிய பிறகு உலகெங்கும் 'தொழில் தொடங்க எத்தனை நாள்' என்று எண்ணுவது ஒரு கலையாயிற்று. உலக வங்கி அதற்குப் பட்டியல் போட்டது. இந்தியா 2014இல் 142ஆம் இடத்திலிருந்து 2019இல் 63க்கு ஏறியது. பட்டியலில் கோளாறு கண்டுபிடித்து 2021இல் வங்கியே அதைக் கைவிட்டது. இத்தனையிலும் ஒன்று கவனிக்கத்தக்கது: தொழில் தொடங்க எத்தனை தாள் என்று எண்ணினார்கள்; குடியிருக்க எத்தனை தாள் என்று எண்ணவில்லை. ஆலைக்காரரின் தாள் கிழிக்கப்பட்டது. சாத்தியின் பிளாஸ்டிக் கவர் தடித்துக்கொண்டே வந்தது.

அந்தக் கவரைச் சற்றுக் கிட்டத்தில் பார்ப்போம். ஜிப் வைத்தது, ஜிப் பழுதானது, ஆகவே மேலே ரப்பர் பேண்டு. அதற்கு மேல் மஞ்சள் பை. தகரப் பெட்டியில் சேலைகளுக்கு மேலே இருக்கும், அடியில் வைப்பதில்லை. காரணம், ஆடி ஆவணியில் நாலாத் தண்ணீர் வாசல்படி ஏறும்போது முதலில் தூக்க வேண்டியது பிள்ளை, இரண்டாவது கவர். உள்ளே ஓரம் மக்கிய ரேஷன் கார்டு, லேமினேட் செய்த வாக்காளர் அட்டை, போட்டோ ஒட்டிய பாஸ்புக், ரப்பர் முத்திரை மங்கிய ஏதோ ஒரு ரசீது. எதற்கான ரசீது என்று அவளுக்கே தெரியாது. தூக்கிப்போடவும் தைரியமில்லை.

வகைத்தாளாவது, ஆக்கத்தாள்களை எண்ணி ஆளைப் பிரிப்பது. தில்லிக் குடிசைவாசிகளின் மறுவாழ்வுக்கான 2015ஆம் ஆண்டுக் கொள்கை இவ்வகையின் தலையாய உதாரணம். குடியிருப்பு 2006 ஜனவரி 1க்கு முன் தோன்றியிருக்க வேண்டும். குடிசை 2015 ஜனவரி 1க்கு முன் இருந்திருக்க வேண்டும். அத்தேதிக்கு முந்தைய சில ஆண்டுகளின் வாக்காளர் பட்டியல் ஒன்றில் பெயர் வேண்டும். கணக்கெடுக்கும் ஆண்டின் பட்டியலிலும் வேண்டும். அதோடு பன்னிரண்டு வகை ஆவணங்களில் ஒன்றேனும் வேண்டும். இலக்கணப்படி சொன்னால் வாக்காளர் பட்டியல் உயிர்; மற்ற பன்னிரண்டும் மெய். உயிர் ஏறாத மெய் தனித்து இயங்காது. நாற்பது வருஷத்து மின்சார பில் வைத்திருந்தாலும் புள்ளி வைத்த எழுத்தாகவே நிற்க வேண்டியதுதான்.

பாராபுல்லா என்ற பெயருக்கே பன்னிரண்டு தூண் பாலம் என்றுதான் பொருள் சொல்கிறார்கள். ஜஹாங்கீர் காலத்துப் பழைய பாலம் பக்கத்திலேயே இருக்கிறது: தூண் பன்னிரண்டு, வளைவு பதினொன்று. பன்னிரண்டு ஊன்றினாலும் கடக்கக் கிடைப்பது ஒன்று குறையத்தான் செய்யும் என்பதை மொகலாயக் கொத்தனார் அன்றே அறிந்திருந்தார்.

ஒரு கவுன்ட்டரில் நடக்கக்கூடிய உரையாடல் இது. இந்தியில் நடக்கும், தமிழில் தருகிறோம்.

"பேரு?"

"சாத்தி, சாப்."

"லிஸ்ட்ல ஷாந்தின்னு இருக்கு."

"அது நான்தான் சாப். எழுதினவர் அப்படி எழுதிட்டார்."

"பாஸ்புக்ல சத்தின்னு இருக்கு."

"அதுவும் நான்தான்."

"அப்ப சாத்தி யாரு?"

ஒருத்தியே மூவராகத் தோன்றும் இதனை இலக்கணம் ஒருமை பன்மை மயக்கம் என்னும். அலுவலகம் ஆள்மாறாட்டம் என்னும்.

தகுதிப் பட்டியல் போடுவது நமக்கு ஆயிரம் வருஷப் பழக்கம். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, கி.பி. 921இல், வாரிய உறுப்பினர் ஆவதற்குத் தகுதி சொல்கிறது: வயது 35க்குக் குறையாமலும் 70க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும், வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். அது ஆள்வதற்குக் கேட்ட தகுதி. இது படுத்து உறங்குவதற்குக் கேட்கும் தகுதி. இடைப்பட்ட பதினோரு நூற்றாண்டில் தகுதியின் தேவை கீழே இறங்கியிருக்கிறது; இதை ஜனநாயகம் பரவியதற்குச் சான்றாகக் கொள்வாரும் உளர்.

கணக்கெடுப்பின் முடிவு: சுமார் 370 குடும்பங்களில் 189 தகுதியுடையவை. சாத்தி தேறினாள், ஷாந்தியும் சத்தியும் ஒரே புகைப்படத்தில் ஒத்துப்போனதால் தப்பித்தாள். கொற்றி தேறவில்லை. கணக்கெடுத்த வருஷத்துப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. ஒற்றைச் செங்கல் சுவருக்கு இந்தப் பக்கம் உயர்திணை, அந்தப் பக்கம் அஃறிணை.

ஒட்டுத்தாளாவது, சுவரில் ஒட்டப்படுவது. படிப்பவர் இல்லாவிட்டாலும் படிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். கிழித்தாலும் ஒட்டியதாகவே கொள்ளப்படும். நால்வகையுள் இது ஒன்றே காலதாமதம் இல்லாமல் வருவது.

நான்காம் இயல்: தாழ்ப்பாள்

சூத்திரம்: திறக்க ஆளில்லாத தாளும், சாத்தக் கதவில்லாத ஆளும் ஒரே ஊரில் இருப்பது உண்டு.

உரை: மத்திய அரசின் நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டம் 2005இல் தொடங்கியது. அதன் பணத்தில் தில்லியின் ஓரங்களில் ஏழைகளுக்கென்று கட்டிய வீடுகளில் பல ஆயிரம் பல வருஷம் பூட்டியே கிடந்தன. கட்டியது ஒரு துறையின் சாதனை. குடியேற்றுவது வேறொரு துறையின் பணி. குடியேறுவோர் தரவேண்டிய பங்குத்தொகை மூன்றாவது துறையின் சிக்கல். சாதனை முடிந்துவிட்டது, பணி தொடங்கவில்லை. நாட்டு வருமானக் கணக்கு வீடு கட்டிய அன்றே அதைச் சேர்த்துக்கொண்டுவிடும், உள்ளே விளக்கு எரிகிறதா என்று கேட்காது. தாழ்ப்பாளும் வளர்ச்சியே.

2025 மே 9 அன்று தில்லி உயர் நீதிமன்றம், நாலாவைத் தூர்வாருவதற்காக ஜூன் 1 முதல் குடியிருப்பை அகற்றலாம் என்றது. தகுதி பெற்றவர்களுக்கு நரேலாவில் வீடு. அவர்கள் தரவேண்டிய பங்கு 1,12,000 ரூபாய். ஐந்து வருஷப் பராமரிப்புக்கு மேலும் 30,000. கடனுக்கும் ஒதுக்கீட்டுக் கடிதத்துக்கும் முகாம் நடத்தவும் நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. ஜூன் 1 ஞாயிற்றுக்கிழமை. அலுவலகங்களுக்கு விடுமுறை நாள். புல்டோசருக்கு வேலை நாள். சொந்த ஊர் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழக அரசு அறிவித்தது. தில்லியிலேயே பிறந்து, 'ஊர்' என்றால் போகல் சந்தை என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு எது திரும்புதல் என்பது வேற்றுமை இயலில் தீராத ஐயம்.

ஐயமும் விடையும்

ஐயம் ஒன்று: நாலா அடைத்தால் மழையில் நகரம் மூழ்காதா? மூழ்கும். வெள்ளத்தில் நிற்கும் பேருந்தும் இழப்பே. அதில் சாத்தியும் இருக்கலாம். நாலா ஓட வேண்டும் என்பதில் இந்நூலுக்குக் கருத்து வேறுபாடு இல்லை. நாலா எத்தனை கஜம் அகலம் என்று அளந்தவர்கள், சாத்தியின் நாள் எத்தனை மணி நீளம் என்று அளந்திருந்தால் இந்த நூலே எழுந்திராது.

ஐயம் இரண்டு: நம் அலுவலர்கள் திறமை குறைந்தவர்களா? இல்லை. எவன்ஸ், ராச் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல், வளரும் நாடுகள் 35ஐ ஒப்பிட்டார்கள். தகுதி பார்த்து ஆளெடுத்து, நிலையான பணிவாழ்வு தரும் நாடுகள் வேகமாக வளர்ந்தன என்று கண்டார்கள். தேர்வு என்று பார்த்தால் நம் குடிமைப் பணித் தேர்வைவிடக் கடினமானது உலகில் அரிது. அப்படியானால் குறை எங்கே?

துறையைப் பிரித்த முறையில். நாலா ஒரு துறைக்கு, சாக்கடைக் குழாய் ஒரு துறைக்கு, மேம்பாலம் ஒரு துறைக்கு, தண்டவாளம் மத்திய அரசுக்கு, குடிசை ஒரு வாரியத்துக்கு, நரேலா வீடு ஓர் ஆணையத்துக்கு, பஸ் ஒரு கழகத்துக்கு, பள்ளி இன்னொன்றுக்கு. ஒவ்வொருவரும் தம் துண்டைச் செவ்வனே செய்கிறார்கள். ஆறரைக்குப் பாத்திரம், ஏழரைக்குத் தலைசீவல், நாலுக்கு மறுபடி பாத்திரம் என்று இவை அனைத்தையும் கோத்து நடக்கும் சாத்தியின் ஒரு நாள், எந்தத் துறையின் கோப்பிலும் இல்லை. நிலத்துக்குத் துறை உண்டு, நீருக்குத் துறை உண்டு. நாளுக்குத் துறை இல்லை. வேபர் ஆளைப் பாராதே என்றார். நம் அலுவலகம் அதை மிகச் சரியாகக் கடைப்பிடித்தது.

எச்சம்

கொற்றியைப் பற்றியும் தகுதி பெறாத மற்றக் குடும்பங்களைப் பற்றியும் இங்கே ஓர் இயல் இருந்திருக்க வேண்டும். அவர்கள் எங்கே போனார்கள், எவ்வளவு வாடகை, பிள்ளைகள் எந்தப் பள்ளி, எந்த வீட்டின் பாத்திரம் யார் கையில். இவ்விடத்தில் ஏடு சிதைந்துள்ளது.

மிச்சமிருக்கும் ஓலையில் ஒரே ஓர் உதாரணம் தெளிவாகத் தெரிகிறது. நரேலா. விடிகாலை நாலரை. நாலாவது மாடி. உள்ளே பிள்ளை தூங்குகிறான். தலை அவனே சீவிக்கொள்ள வேண்டும். ஒரு கையில் சாப்பாட்டு டப்பா. தோளில் மஞ்சள் பை, அதற்குள் ரப்பர் பேண்டு போட்ட கவர். எதற்கு அதைத் தூக்கிக்கொண்டு அலைகிறாய் என்று கேட்டால், "கேட்டா என்ன பண்றது?" என்பாள். புதுக் கதவு, பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. சத்தம் வராமல் இழுத்து, வெளித்தாளைப் போட்டாள். முதல் பேருந்துக்கு இறங்கினாள்.

சாத்தி சாத்தி வந்தாள். முன்னது பெயர்ச்சொல், பின்னது வினையெச்சம்.